வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை

தைலம்மாளுக்கு ஊசி போடத் தெரியாது. பிரஷர் பார்க்கும் கருவியைத் துடைத்து வைப்பாரே தவிர, யார் கையிலும் சுற்ற மாட்டார். ஆனாலும் கடலூர் முதுநகரில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நடக்கும் இலவச முதியோர் முகாமுக்கு வருகிறவர்கள், டாக்டரைத் தேடும் முன் இவரைத்தான் தேடுவார்கள். 2009 ஆகஸ்டில் அங்கே நடந்ததை, அவரிடமும் அன்று வரிசையில் இருந்தவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தவர் அவர். தரை துடைப்பது, பெட்பேன் கழுவுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. கணவர் இறந்ததும் முதுநகரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகாமை நடத்தும் டாக்டர் தமிழ்ச்செல்விக்கு அவரைச் சிதம்பரத்திலேயே தெரியும். கூப்பிட்டதும் போனார். சம்பளம் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்து, பெருக்கி, பெஞ்சு போட்டு, டோக்கன் கொடுப்பார்.

முகாமுக்கு விதிகள் உண்டு. ரேஷன் கார்டில் அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டும். ரத்தம் எடுக்கும்வரை டீ கூடாது, மாத்திரையும் கூடாது. சுகர் அளவு தொடர்ந்து ஏறினால் மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றிவிடுவார்கள். இந்தக் கடைசி விதிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

அன்று டாக்டர் வரவில்லை. புதுச்சத்திரம் பக்கத்தில் குடிதண்ணீர் கேட்டு மறியல். டாக்டர் வர வேண்டிய சிதம்பரம் பஸ்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. சுகர் பார்க்கும் மெஷின் டாக்டரின் பையில் இருந்தது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மணி எட்டேகால். நாற்பத்தொரு பேர் பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பதினேழாம் டோக்கன் சடையப்பன். துறைமுகத்தில் உர மூட்டை தூக்கியவர், அறுபத்தாறு வயது. அதிர்ந்து பேசாத மனுஷன். அவர் திடீரென்று எழுந்து பக்கத்தில் இருந்த சுப்பராயலுவைப் பார்த்து, "என் மூட்டய ஏன்டா எடுத்த?" என்று கத்தினார்.

சுப்பராயலு சிரித்தார். "இன்னா மச்சான், காலையிலியே ஏத்திக்கினியா? வெறும் வயித்துல வரச் சொன்னா நீ வேற எதையோ ஊத்திக்கினு வந்துட்டியே!"

கூடமே சிரித்தது. சடையப்பன் கையை ஓங்கினார். கை தள்ளாடி பெஞ்சில் விழுந்தது.

தைலம்மாள் டோக்கன் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவர் முதுகில் கை வைத்தார். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. கிட்டே போய் மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை.

இதே ஈரத்தை அவர் சிதம்பரத்தில் ஒரு முறை தொட்டிருக்கிறார். விரிப்பு மாற்றப் போனபோது ஒரு நோயாளி இப்படி வேர்த்துக் கிடந்தார். வெளியே வந்து சொன்னதற்கு, "பெருக்குற வேலையப் பாரும்மா" என்றார்கள். அவரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷன் பிழைக்கவில்லை. சுகர் இறங்கிப்போனதுதான் காரணம் என்று மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது.

"யாராவது 108க்கு அடிங்க. டீக்கடையில போயி ஒரு டம்ளர் சக்கரை வாங்கியாங்க!"

"சக்கரையா? ஏம்மா தைலம்மா, சுகர்காரனுக்குச் சக்கரையப் போட்டு சாவடிக்கப் பாக்கிறியா?" சுப்பராயலுவின் சிரிப்பு போய்விட்டது. "டாக்டர் வரட்டும்."

வாசலில் உட்கார்ந்திருந்த விருத்தாம்பாள் ஓடி வந்தார். சடையப்பனின் மனைவி. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. வயது ஐம்பத்தேழு, அதனால் அவருக்கு இங்கே டோக்கன் கிடையாது. டீக்கடையிலிருந்து வந்த சர்க்கரை டம்ளரைப் பார்த்ததும் குறுக்கே நின்றார்.

"அக்கா, வேணாங்க்கா. அவுருக்கு ஏற்கனவே ஜாஸ்தி."

"விருத்தா, காலையில மாத்திரை போட்டாரா?"

"இல்ல."

"என்னப் பாத்துச் சொல்லு. போட்டாரா, இல்லியா?"

விருத்தாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சடையப்பனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"நீ வாய மூடிக்கினு நின்னா இந்த மனுஷன் போயிடுவாரு. அப்புறம் யாருக்காக மறைக்கப்போற?"

"நாலு," என்றார் விருத்தாம்பாள். "நாலு போட்டாரு."

பிறகு எல்லாம் கொட்டியது. சடையப்பனுக்கு முகாமில் தருவது மாதம் அறுபது மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. விருத்தாம்பாளுக்கும் சுகர். கம்பெனிக்கு லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவர் பெரியாஸ்பத்திரி பக்கமே போனதில்லை. அதனால் ஒன்றரை வருஷமாக ஆளுக்கொன்று. சடையப்பனுக்கு ஊசி வந்தால் மாத்திரை நின்றுபோகும். விருத்தாம்பாளுக்கு ஒன்றுமே இருக்காது. முகாமில் அளவு குறைவாகக் காட்ட வேண்டும். முந்தின நாள் இருவரும் போடாமல் வைத்த இரண்டையும், அன்றைக்குரிய இரண்டையும் சேர்த்து, சடையப்பன் விடியற்காலையில் முழுங்கிவிட்டு வந்திருக்கிறார். எப்போதும் ஏழரைக்குள் ரத்தம் எடுத்துவிடுவார்கள், உடனே இட்லி சாப்பிட்டுவிடுவார். அன்று பஸ் நின்றுவிட்டது.

தைலம்மாள் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. சுப்பராயலுவைப் பார்த்து, "அண்ணே, முதுகத் தாங்கிப் புடிங்க" என்றார். சுப்பராயலு பிடித்தார். தைலம்மாள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். மூன்று வாய் இறங்கியது. நான்காவது கடைவாய் வழியாக வழிந்தது. உடனே டம்ளரை நகர்த்திவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். விரலில் சர்க்கரையைத் தொட்டு கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"செத்தாருன்னா உம்மேலதான் கேஸ் வரும்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"வரட்டும்," என்றார் தைலம்மாள்.  தான் நினைத்தது தப்பாக இருந்தால் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

பத்து நிமிஷம் போனது. சடையப்பன் கன்னத்துக்குள் இருந்த விரலைக் கடித்தார்.

"யப்பா!" என்று கையை இழுத்தார் தைலம்மாள். கடித்தவர் கண்ணை உருட்டிப் பார்த்து, "இன்னா இது, வாயெல்லாம் இனிக்குது?" என்றார். "டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்களே."

ஆம்புலன்ஸ் வந்தது. எழுந்துவிட்டாரே, இனி எதற்கு என்றார்கள் கூடத்தில் இருந்தவர்கள். தைலம்மாள் விடவில்லை. நாலு மாத்திரையும் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, சுகரை மறுபடியும் இறக்கிவிடும் என்று சொல்லி, விருத்தாம்பாளோடு தானும் ஏறிக்கொண்டார். மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் சடையப்பனுக்கு மீண்டும் வேர்த்தது. அங்கே உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

நர்ஸ் எத்தனை மாத்திரை என்று கேட்டபோது விருத்தாம்பாள் தைலம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினார். சொல்லாதே என்று அர்த்தம். தைலம்மாள் நாலு என்றார். மனைவிக்கும் அதே மாத்திரைதான் என்பதையும் சொன்னார்.

"காட்டிக் குடுத்திட்டியேக்கா," என்றார் விருத்தாம்பாள்.

நர்ஸ் அவர் விரலிலும் குத்திப் பார்த்தார். மெஷினில் நானூற்றுப் பத்து. காலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் கறுத்திருந்தது. அதையும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"நான் படுத்தா கம்பெனிக்கு யாரு போறது? என்னால முடியாது," என்று எழுந்தவரை தைலம்மாள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒங்க மேஸ்திரிகிட்ட நான் போயி சொல்றேன். நீ கால நீட்டு."

அன்று மத்தியானம் கணவர் கீழே ஆண்கள் வார்டில், மனைவி மேலே பெண்கள் வார்டில். நாலு நாள் தைலம்மாள்தான் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கினார். மேலேயிருந்து திட்டு, கீழேயிருந்து சமாதானம். மூன்றாம் நாள் விருத்தாம்பாள் அவரிடம் கேட்டது இது ஒன்றுதான்:

"ஊசி அவுருக்குமா, எனக்கு மட்டுமாக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"அப்ப சரி," என்று கையை நீட்டினார்.