மருந்து காயும் நாளில் பிறந்தவன்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தேன்; அதில் இரண்டு நான் பெறாதவை. யாரிடமும் கை நீட்டியதில்லை. எழுத்து எனக்குப் பாதிதான் வரும். வருகிறவரை எழுதுகிறேன்.

எங்கள் மீனவத் தெரு ஏரிக்கரையில், ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டி இருந்தது. கோட்டையில் வெடிமருந்து காயப்போடுவதற்கு முதல்நாள் தமுக்கடிப்பார்கள். அன்று மாலையே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மருந்தை அள்ளும்வரை எங்கேயும், எதற்காகவும் தீ கூடாது. ஒரு வீட்டில் மூட்டினாலும் அந்த வரிசைக் குடிசைகளையே பிரித்துப் போடுவார்கள். முன்பு ஒரு பொறி பறந்து ஆட்கள் கருகியிருக்கிறார்கள், பயம் நியாயம்தான். ஆனால் பிணத்தின் தலைமாட்டில் ஏற்றிய விளக்குக்கும் ஒரு வரிசை போயிற்று.

அப்படியொரு மார்கழி விடியலில் என் மூத்த மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. கையில் வாங்கினேன், மீன்போல் சில்லென்றிருந்தது. உதடு நீலம். அழவில்லை, முனகியது. எங்கள் அடுப்பில் சாம்பல்கூட ஆறிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வலை உலர்த்தும் இடத்துக்காக எங்களுக்குள் வெகுநாளாய்ப் பேச்சில்லை.

"இன்னா பார்த்துக்கினு கீற? பத்த வை."

"உன் கூரையும் சேர்ந்து போவும்."

"போவட்டும். எப்பவும் ஒழுகுற கூரைதான."

எனக்கு மனம் வரவில்லை. தோணியில் இறாலுக்குப் போகிற எங்கள் ஆட்கள் குளிருக்குத் தீச்சட்டி வைத்திருப்பார்கள். பாலுக்குத் தாய் வேண்டுமே; நானும் பக்கத்து வீட்டுக்காரியுமாய் மகளையும் தூக்கிப்போய்த் தோணியில் படுக்கவைத்தோம். கரையில் கோட்டைச் சேவகன் மறித்தான்.

"தோணிலயும் கூடாது யக்கா. எங்கியும்னு சொல்லிக்கீறாங்க."

"காத்தைப் பாரு. கோட்டையிலருந்து ஏரிக்கு அடிக்குது. பொறி எப்படி அங்க போவும்?"

"காத்தைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலியே."

பிள்ளையைப் பார்த்தான். விட்டால் அவனுக்குச் சவுக்கடி.

"அந்த மணல்திட்டைத் தாண்டிட்டா என் கண்ணுக்கு எட்டாது. அதுக்கு முன்னால பத்த வெச்சா நான் பார்த்தாவணும்."

தலைப்பாகையை அவிழ்த்து மகள்மேல் போர்த்திவிட்டுத் திரும்பி நின்றான்.

பக்கத்து வீட்டுக்காரி கோல் போட்டுத் தோணியைத் தள்ளினாள். பிள்ளையை என் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முனகலும் நின்றுபோயிற்று. திட்டு வருவேனா என்றது. தாண்டியதும் சக்கிமுக்கி தட்டிச் சட்டியை மூட்டி, துணியைச் சூடுகாட்டி ஒற்றி ஒற்றி எடுத்தேன். கால் அசைந்தது. பிறகு வீறிட்டானே, அவள் கோலை விட்டுவிட்டு அழுதாள்.

அன்றைய ஊதல் காற்று என் மகளின் இடுப்பை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு சட்டி நெருப்புக்குப் பிள்ளை பெற்ற உடம்பை ஏரியில் கிடத்தினோம்.

அன்று பிறந்தவன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எழுத ஓலை நறுக்குகிறான். படித்தவன்.

கண்ணு, நான் கிறுக்கினத ஒரு தரம் படி. உங்கம்மா உள்ள கீறா, அவளுக்கும் கேக்கட்டும்.