கோழிக்கு மட்டும் கைராசி

என் அக்கா சேதராப்பட்டில், பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில், மூத்த பெண்ணாகப் பிறந்தார். நான் அவருக்கு நாலு வயது இளையவள். இருவரையும் முத்தியால்பேட்டையிலேயே கட்டிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வாய்த்த மாமா மில்லில் வேலை பார்த்தவர். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் அன்றைக்கு வாயால் பேச வேண்டியதை, அக்கா போய் ஒரு வருஷம் ஆன பிறகு எழுதுகிறேன். இந்த நினைவு மலருக்கு அவருடைய பொறுமையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். அக்கா பொறுமையானவர்தான். எனக்குத்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. எனக்கு நாலு. மூன்றாவது பிரசவத்தில் நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மூத்தவள் செல்வியை அக்கா தூக்கிக்கொண்டு போனார். நான் எழுந்து நடமாடிய பிறகும் அவள் பெரியம்மாவை விட்டு வரவில்லை. தலை வாரியதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்ததும் அக்காதான்.

எழுபதுகளில் மில்லை மூடிவிட்டதால் மாமா வீட்டில் உட்கார்ந்த சமயம், அக்கா தோட்டத்துப் பக்கம் கோழி வளர்க்க ஆரம்பித்தார். கூடையில் மணல் கொட்டி, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதினோரு முட்டையோடு அடை வைக்க உட்கார்ந்தார். அதற்குள் எதிர்வீட்டம்மா வந்துவிட்டார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் தெருவே அந்தம்மாவைச் சொல்தாம்மா என்று கூப்பிடும்.

"ஏம்மா, நீயா வைக்கப் போற? புள்ள பெத்தவ கையால வச்சாத்தான் பொரிக்கும். தங்கச்சியக் கூப்புடு."

அக்கா மறுபேச்சுப் பேசாமல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பெற்ற என் கையால் பதினொன்றையும் வைத்தேன். இருபத்தோரு நாள் கழித்துப் பொரித்தது இரண்டு. மீதி ஒன்பதும் கூமுட்டை. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாலு பெத்த கை நல்லாத்தான் வேல செய்யிது" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த அடையை யாரையும் கேட்காமல் அக்காவே வைத்தார். பதினொன்றும் பொரித்தன. அதில் மந்திரம் எதுவும் இல்லை. முதல் தடவை கடையில் வாங்கிய பழைய முட்டை. இந்தத் தடவை அன்றன்று இட்டதாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைத்தார். குஞ்சு தண்ணீரில் விழுந்து சாகாமலிருக்கக் கொட்டாங்குச்சியில் கூழாங்கல் போட்டார். நொய்யை ஊற வைத்துக் கொடுத்தார். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது என்று, குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தே போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வருவார். மாடு பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா அவர்களுக்கு முன்னால் போய் நிற்பார்.

அதற்குப் பிறகு தெருவின் பேச்சே மாறியது. அக்காவுக்குக் கைராசி என்றார்கள். யார் வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அக்காவுக்கு ஆள் வரும். சொல்தாம்மா வீட்டில் மட்டும் நாலு தடவை வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் குழம்பில் கொதித்த கோழியெல்லாம் அக்கா கை பட்டுப் பொரித்தவைதான். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும். படிக்கட்டும்.

செல்விக்கு ஏழாம் மாதம் என் வீட்டில் வளைகாப்பு வைத்தோம். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலை அக்காவே போய்ப் பார்த்து வாங்கி வந்தார். மணையில் உட்கார்ந்ததும் செல்வி கையை நீட்டி, "பெரிம்மா, மொதல்ல நீ போடு" என்றாள். அக்கா வளையலைக் கையில் எடுத்துவிட்டார்.

"இரும்மா, இரு" என்றார் சொல்தாம்மா. "புள்ள பெத்தவங்க போடட்டும். வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

உப்பளத்துச் சம்பந்தி வீட்டார் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நம் சொந்தக்காரர்கள் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெற்றவள் நான். "போடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவர் மறுத்திருப்பார்? தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன்.

அக்கா வளையலைத் தட்டிலேயே வைத்தார். "குஞ்சுக்குத் தண்ணி வைக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செல்வி அழுதாள். மாசமாக இருக்கிறவள் அழலாமா என்று அதற்கும் அவளையே அதட்டினார்கள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. சொல்தாம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். "கோழி அடைக்கு உக்காந்துடுச்சும்மா. உன் கையால வந்து வச்சுக் குடு."

அக்கா போய் வைத்துக் கொடுத்தார். அவர் திரும்பி வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். தனியாக இருக்கும்போது மட்டும் எனக்கு வாய் நன்றாக வரும்.

"ஏன்க்கா போன? வெக்கமா இல்ல உனக்கு?"

"கோழி என்னாடி பண்ணுச்சு?"

"கோழிய விடு. அந்தப் பொம்பள உன்ன அத்தன பேர் முன்னாடி..."

"அவங்க ஊரார்டீ" என்றார் அக்கா. "நீ ஏன் வாயத் தொறக்கல?"

அந்த ஒரு தடவைதான் கேட்டார். பிறகு சாகிறவரை கேட்கவில்லை.

அந்தப் பிரசவத்தில் செல்விக்குப் பெண் பிறந்தது, சுகமாக. மாமா காலமான பின் அக்காவின் உடம்பும் தளர்ந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஆறு மாதமும் செல்விதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மலம் எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவர்களுக்கும், துக்க நாட்களில் சோறாக்கிக் கொண்டுவந்த தெருவாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் கை கூப்புகிறேன். சொல்தாம்மா வீட்டாரும் சோறு கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. நன்றி சொன்னதால் மறந்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள் உள்ளன. அங்கே மகள் என்ற இடத்தில் செல்வி பெயர் இருக்கும். அச்சகத்தில் இரண்டு தடவை அதைத் தங்கை மகள் என்று திருத்தினார்கள். இரண்டு தடவையும் நானே நேரில் போய், நாலு பேர் பார்க்க, அடித்து எழுதிக் கொடுத்து வந்தேன். அச்சுப் பிழை என்று எவரும் சொல்லி அனுப்ப வேண்டாம். பெற்றவள் சொல்கிறேன். அவள் அக்காவின் மகள்.