மூன்றாவது கியரில் வாடிப்பட்டி வரை

கார் வாங்கியதற்கு நான் வெளியில் சொன்ன காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு. முழங்கால் வலி, பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் என் மனைவியைப் பேச வைப்பதற்காகத்தான் வாங்கினேன்.

அவள் சாமானியப் பேச்சுக்காரி இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நிற்க நேர்ந்தால் போதும், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் மருமகள் எந்த ஊர், என்ன குணம், யாரைப்போல மூக்கு என்பது வரை தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறுவாள். கல்யாணமான புதிதில் அவள் பேச்சுக்கு நடுவே ஒரு 'ம்' போடக்கூட எனக்கு இடம் கிடைத்ததில்லை. அப்படிப்பட்டவள், மகள் வேலைக்கென்று கோயம்புத்தூர் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனாள். சாப்பிட வாங்க, மோட்டாரைப் போடுங்க, கேஸ் வந்திருக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. திருநகர் வீட்டில் மிச்சம் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் அப்புறம் வீடு என்று எதைச் சொல்வது? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பிள்ளையைப் பிரிந்த ஏக்கம், நாலு இடம் கூட்டிப்போய் வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற அந்தச் சின்ன பெட்ரோல் கார்தான் மருந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். கப்பலூரில் நான்கு வழிச்சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் மதுரைக்குள் நுழையாமலே மதுரையைத் தாண்டிவிடலாம். நாகமலை கொஞ்ச தூரம் துணைக்கு வரும். பிறகு வைகைப் பாலம். ஆற்றில் நாணலும் மணலும்தான் அதிகம், நடுவில் எங்கோ ஒரு கோடாகத் தண்ணீர் மின்னும். சமயநல்லூர் தாண்டினால் தென்னந்தோப்பும் வயலும் மாறி மாறி வரும். வலது பக்கம் சிறுமலை, காலை நேரத்தில் மலை என்று சொல்லவே முடியாது, வானத்தின் அடியில் கொஞ்சம் நீலம் தேங்கி நிற்கிறது என்றுதான் தோன்றும்.

அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அமைதி. வாழ்நாளில் பாதியை நூற்பாலையின் இரைச்சலுக்குள் கழித்தவன் நான். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால்கூட மில் சத்தம் காதுக்குள் வீடு வரை கூடவே வரும். அப்படிப்பட்டவனுக்கு அந்தக் காரின் உள்ளே கிடைத்த நிசப்தம் பெரிய சொத்து. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உலகம் கொஞ்சம் தள்ளிப்போய்விடும். லாரிகள் சத்தமில்லாமல் பின்னால் நழுவும். மில்லில் பஞ்சிலிருந்து இழை உருவிக்கொண்டு வருவதுபோல, சாலை எங்கள் காலடியில் வெள்ளையாக உருவிக்கொண்டே வரும். நான் ஓட்டுகிறேனா, சும்மா உட்கார்ந்து மிதக்கிறேனா என்பது எனக்கே மறந்துபோகும். வயலில் கொக்குகள் எழுந்து உட்காரும். அறுத்துப்போட்ட வைக்கோலின் மேல் பனி ஆவியாகிக்கொண்டிருக்கும். எதுவும் அவசரப்படாது.

இடது பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டுவேன். பேசாவிட்டால் என்ன, சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே கனவுக்குள்தானே போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். என் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது என்று மில்லில் பெருமை வேறு அடித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஓட்டுநர் வித்தையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியது மில் வேன் டிரைவர். "கண்ணு ரோட்டுக்கு, காது கியருக்கு. வண்டி கத்துனா மேல போடுங்க, முக்குனா கீழ போடுங்க. அம்புட்டுத்தான்" என்றார். பாடம் அத்துடன் முடிந்தது. வேகத்தைக் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இன்னொரு முள் இருக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்று அது காட்டும். நானும் சரி, எனக்குத் தெரிந்தவர்களும் சரி, அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒன்று இருந்தால் ஜோடியாக இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூர் தாண்டி ஒரு வைக்கோல் லாரி முன்னால் போனது. மூன்றாவது கியருக்கு இறக்கி, வேகமெடுத்து, அதைத் தாண்டினேன். அதன் பிறகு வழக்கமான மிதப்பு. வேகம் எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில். ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது, சாலை சரியில்லை என்று நினைத்தேன். வாடிப்பட்டி பக்கம் ஒரு டீக்கடையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு வரலாம் என்று கையைக் கொண்டுபோனால், கியர் கம்பி மூன்றிலேயே நிற்கிறது.

அவ்வளவு தூரமும் மூன்றாவது கியரிலேயே வந்திருக்கிறேன்.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்தார்கள். நான் இறங்கியதும் ஒருவர், "என்னண்ணே, வண்டி இந்த அலறு அலறிக்கிட்டு வருது? அந்த வளைவுல வரும்போதே சத்தம் வந்துருச்சு" என்றார். பேனட்டிலிருந்து அனல் அடித்தது. என் மனைவி கீழே இறங்கினாள். டீயை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றாள்.

எஞ்சின் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். திரும்பும்போது மாட்டு வண்டிக்காரரே வழி கேட்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எஞ்சினை அப்படிச் சுற்றவிட்டால் நல்லது, கரி எரிந்துவிடும் என்று ஒருவர். உள்ளே எல்லாம் தேய்ந்து பொடியாகிவிடும் என்று இன்னொருவர். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. இனிமேல் அதைக் கஷ்டப்படுத்தவே கூடாது என்று பாலம் ஏறும்போதும் ஐந்தாவது கியரிலேயே போனேன். வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கி நடுங்கி ஏறியது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றுபோனது. வீட்டில் அமைதி இன்னும் கெட்டியாகிவிட்டது. கார் போய்விட்டால் அவளைப் பேச வைக்க என்னிடம் வேறு வழி இல்லையே என்பதுதான் என் கவலை, எஞ்சின் இரண்டாம்பட்சம்.

கடைசியில் ஆரப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பக்கத்தில் வளையல் வாங்க வேண்டும் என்று அவளும் வந்தாள். மெக்கானிக் ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், புகைக்குழாய்க்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். அவருக்கு இதில் பெரிய சுவாரசியம் இல்லை. அவசரமாக இன்னொரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

"சிவப்புக் கோட்டுக்குள்ள முள்ளு போகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுண்ணே. ஆயிலும் தண்ணியும் சரியா இருந்தா எஞ்சின் தாங்கும். அதுக்குத்தானே செஞ்சிருக்கான். பெட்ரோலை மட்டும் கூடக் குடிச்சிருக்கும். நீங்க பயந்துக்கிட்டு மேல் கியர்ல முக்க விடுறீங்க பாருங்க, அதுதான் கெடுதல்" என்றார். பிறகு சும்மா கேட்பதுபோல, "ஆனா செம சத்தம் வந்துருக்குமே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "வந்துச்சு. ஊரையே கூட்டுற மாதிரி வந்துச்சு. நானும் சொல்லிக்கிட்டேதான் வந்தேன்."

"நீ எப்ப சொன்ன?" என்றேன்.

"சமயநல்லூர்ல சொன்னேன். அப்புறமும் சொன்னேன். கத்தியே சொன்னேன்."

"சும்மா சொல்லாத. நீ வாயே திறக்கல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் என்றால்கூடப் பரவாயில்லை, அது கோபம் இல்லை. அலுத்துப்போன பார்வை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மெக்கானிக் பேனட்டுக்குள் தலையை விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கடை அமைதியாக இருந்தது. திடீரென்று என் மனைவி அந்த முதுகைப் பார்த்து, "ஒரே பொண்ணுதான். கோயம்புத்தூர்ல இருக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள். "இல்ல தம்பி, இன்னும் பாக்கலை. அவ சரின்னு சொல்லணும்ல" என்றாள். கையை ஆட்டி ஆட்டி, பழைய மாதிரி.

யார் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்?

மெக்கானிக் தலையை வெளியே எடுத்தபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மில்லுக்குள் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. உதட்டையும் கையையும் பார்த்துப் பேசிக்கொள்வோம். அந்தக் கோடியில் இருப்பவன் டீ சொல்லிவிட்டானா, திட்டுகிறானா என்பது வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அவள் எதிரே நின்று சாப்பிட வாங்க என்றால் போய்விடுவேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால்? காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசினால்? கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும், பிறகு மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும், நமக்கே தெரியாது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். நான் அனுபவித்த அந்த அமைதி காருடையது இல்லை.

ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பி பைபாஸ் ரோட்டில் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். "நான் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். நீ ஏதாச்சும் பேசு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சரி என்று தலையாட்டினாள்.

நான் நேரே பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோ போனது. வாழை இலைக் கட்டை வைத்துக்கொண்டு ஒருவர் மொபட்டில் போனார். வேப்பம்பூ ஒன்றிரண்டு கண்ணாடியில் விழுந்து சறுக்கியது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரியே மெல்லமாக, அழகாக இருந்தது. அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது.

"பேசேன்" என்று திரும்பினேன்.

அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"எதுவும் காதுல விழலையா?" என்றாள். இதை உதட்டில் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தேன்.

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே விழல. என்ன சொன்ன?"

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னாள்: "கார்ல போறப்பல்லாம் நான் பேசிக்கிட்டேதான் வந்தேன். கொக்கைப் பாருங்கன்னேன். நிப்பாட்டுங்க, இளநி குடிப்போம்னேன். நீங்க பாட்டுக்கு ரோட்டைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போவீங்க. வீட்லயும் எத்தனை தடவை கூப்புட்டாலும் திரும்ப மாட்டீங்க. பிள்ளையும் போயிருச்சு, இவருக்கு நம்ம பேச்சு சலிச்சுப்போச்சு, இனிமே நாம வேண்டாம் போலன்னு வீட்ல வாயை மூடிக்கிட்டேன். இம்புட்டு நாளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவளைப் பேச வைக்கத்தான் இந்தக் காரையே வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவளுக்கு ஏதோ புரிந்து, அழுதுகொண்டிருந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்ப காதுதானா?" என்றாள்.

"காதுதான் போல."

கையை நீட்டி என் காது மடலைப் பிடித்துக்கொண்டாள், விட்டால் அதுவும் போய்விடும் என்பதுபோல.

"நல்லவேளைங்க," என்றாள், "காதோட போச்சு."