மேற்கோள் காட்டியே தீர்த்த பகை

காசநோய் ஆய்வின் முடிவுகளைத் திரிக்க மறுத்தாள் என்பதற்காக, அவளுடைய பிஎச்.டி. கைடு தேவராஜ் கட்டுரையிலிருந்து வேதவல்லியின் பெயரையே தூக்கிவிட்டார். ஹைதராபாத் போலாரத்துக்காரி சண்டை போடவில்லை, கறுவிக்கொண்டே வெளியேறினாள். சொந்த ஆய்வுக்கூடம் அமைந்த பிறகு, அவரை மேற்கோள் காட்டாமல் அவளும் எழுதவில்லை, அவளுடைய மாணவர்களும் எழுதவில்லை.

மேற்கோள்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏற, பேகம்பேட்டில் தேவராஜுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கியவர் நேராக அவளிடம் வந்தார்.

"பழசையெல்லாம் மறந்துட்டியேம்மா. இந்தப் பேரே உன்னாலதான்."

"ஹவ் சார், ஆமா. ஆனா ஒண்ணையாவது படிச்சீங்களா? உங்க முடிவு தப்புன்னுதான் ஒவ்வொண்ணுலயும் நிரூபிச்சிருக்கோம். அதை வெளியிட்ட ஆய்விதழ்க்காரங்க படிச்சுட்டாங்க, நாளைக்கு உங்க கட்டுரையை நீக்கறாங்க. அதுல என் பேரைப் போடாததுக்கு ரொம்ப நன்றி சார்."