ஆறு பேர் சரி, சேர்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் தேக்கங்காட்டில் தீப்பிடித்தபோது, வன அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமைதான். எங்கள் வன அதிகாரி சேரையும் என்னையும் தவிர ஆறு பேர் வந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உயர்தரம் படித்தவன் என்று பெயர்ப் பட்டியலை என்னிடம் தந்திருந்தார்கள்.

தீ தாண்டாதபடி சருகை வாரி, வெறும் மண் தெரிய ஒரு பாதை எடுத்துக்கொண்டிருந்தோம். ஆறு பேரில் ஒருவரான நசீர் நானா, வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை முதுகில் மாட்டி, அதில் தண்ணீரோடு முன்னால் நின்றார். திடீரென்று காற்றுத் திரும்பியது.

"விட்டிட்டு றோட்டுக்கு ஓடுங்கோ!" என்று சேர் கத்தினார்.

புகைக்குள் எனக்குக் கிழக்கு மேற்குத் தெரியவில்லை. எப்படியோ றோட்டுக்கு வந்து எண்ணினேன்.

"எத்தினை பேர் தம்பி?"

"ஆறு பேர் சரி, சேர்."

இன்னொரு தரம் எண்ணினேன். ஆறுதான். எல்லார் முகத்திலும் கரி, வாயில் துவாய். அதில் ஒருவர் துவாயை அவிழ்த்து இருமினார்.

"தம்பி, என்ட மாடு ரெண்டையும் கண்டனீங்களே?"

"நீங்கள் ஆர்?"

"மாடு தேடி வந்தனான். நெருப்பைக் கண்டிட்டு நானும் கொப்பு முறிச்சு அடிச்சனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவரையும் சேர்த்துத்தான் ஆறு. அப்படியென்றால் யார் இல்லை? பட்டியலைப் பார்த்தேன், எழுத்து ஓடியது.

"நசீர் நானா எங்க?" என்றார் எங்களோடு வந்த செல்லையா அண்ணை.

நான் காட்டுக்குள் ஓடப் பார்த்தேன். சேர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீயும் போனா ரெண்டு பேரைத் தேடோணும். இதில நிண்டு கூப்பிடு!"

எல்லாரும் தொண்டை கிழியக் கூப்பிட்டோம். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் இல்லை, எனக்குப் பின்னால், எரிந்து முடிந்த நிலத்தின் மேலாக நானா நடந்து வந்தார். முதுகில் ஸ்பிரேயர் அப்படியே இருந்தது.

"எரிஞ்ச இடம் திருப்பி எரியாதெண்டு அதில நிண்டனான். றோட்டு எந்தப் பக்கமெண்டுதான் தெரியேல்ல. முதலே கூப்பிட்டிருந்தா சத்தத்தைப் பிடிச்சு வந்திருப்பனே, தம்பி."

"உங்களுக்குப் பதிலா தம்பி மாட்டுக்காரரை எண்ணிட்டார், நானா," என்றார் செல்லையா அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு தரம் சரியாக எண்ணியும் ஓர் ஆளை விட்டேனே என்று பல நாள் வருந்தினேன். இப்போது இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே அனுப்புகிறோம். றோட்டுக்கு வந்ததும் பெயரைக் கூப்பிட்டு, குரல் வந்த பிறகுதான் நான் பட்டியலில் கோடு போடுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: சத்தமாகக் கூப்பிடுங்கள். நீங்கள் மனதுக்குள் எண்ணுவது புகைக்குள் நிற்பவருக்குக் கேட்காது.