பூப்பறிக்கப் போன அக்கா

எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கம் பொங்கலுக்குத்தான் விசைத்தறிகள் ஒட்டுமொத்தமாக நிற்கும். அந்த நாட்களில் ஊரே கனவுக்குள் போய்விட்டது மாதிரி இருக்கும். கிணற்றில் வாளி இடிக்கிற சத்தம் கேட்கும். பக்கத்துத் தெருவில் யாரோ முருங்கைக்காய் ஒடிப்பது கேட்கும். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய ஜனம், நோம்பி சமயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அப்போதும் கத்தும்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிற எனக்கு அந்த அமைதி பிடிக்கும். நோம்பிதான் பிடிக்காது. மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போய்க் கீழே விழுந்ததிலிருந்து, ஒவ்வொரு பண்டிகைக்கும் சொந்தபந்தம் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பற்றி அக்காவிடம் விசாரிக்கும். "தூங்கறாளா? சாப்பிடறாளா?" நான் அங்கேயேதான் இருப்பேன், முறுக்கைக் கடித்துக்கொண்டு.

அக்கா, கணவர் தவறியபின் என்னோடு வந்து தங்கியவள். மூத்திரப் பையை மாற்றுவது, குளிக்க வைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பாதியில் எழுந்து ஓடி வந்துவிடுவாள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கம் பூப்பறிக்கும் நோம்பி. பெண்டுகள் மட்டும் கச்சாயப் பலகாரமும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே குன்றுமாதிரி இருக்கிற கரட்டடிக்குப் போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். சின்ன வயதில் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் அக்கா. அவள் குரல் ஏரி தாண்டிக் கேட்கும் என்பார்கள்.

போன வருசம் தெருப் பெண்களெல்லாம் கூடிப் பேசி, என்னையும் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நல்ல மனசுதான். வேப்பமரத்தடியில் நாற்காலியை நிறுத்தினார்கள். ஆளுக்கொரு தரம் வந்து, வெயிலடிக்குதா என்று கேட்டு, வாயில் கச்சாயத்தைத் திணித்துவிட்டுப் போனார்கள். கை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயில் இடமில்லை. பறித்த பூவையெல்லாம் சாமிக்குப் படைக்கிற மாதிரி என் மடியில் கொட்டினார்கள். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். கும்மி நடக்கும்போது அவள் கால் மட்டும் தாளம் போட்டது. ஒரு பூக்கூட அவள் பறிக்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

அதனால் இந்த வருசம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நானும் போவல" என்றாள் அக்கா.

"நீ போயிட்டு வாக்கா."

"உன்னயத் தனியா உட்டுப்போட்டு எப்படிப் போறது? பக்கத்து ஊட்டு அத்தைய வேணா உக்காரச் சொல்லட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஒருத்தரும் வேண்டாம். நோம்பின்னா எனக்குந்தான் லீவு வேணும். உன்ற மூஞ்சியக்கூடப் பாக்காம ஒரு நாள் இருக்கோணும்."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. ஃபிளாஸ்கில் டீயை ஊற்றினாள். சோற்றுப் போசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். பையை மாற்றி, போனை என் மடியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசலில் "வாரேன்" என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கதவை நானே உள்ளே தாழிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? ஒன்றுமே நடக்கவில்லை. ஜன்னல் வெயில் மெதுவாக நகர்ந்து சுவரில் ஏறியது. பஞ்சுத் துகள் அதில் மிதந்தது. வீடு பெரிதாகிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. டீயைக் குடித்தேன். டம்ளர் கை தவறி உருண்டது. "ஐயோ, என்னாச்சு சாமி" என்று யாரும் ஓடி வரவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. இனிப்புக்கு எறும்புகள் வந்தன. அவை சாரை சாரையாக வந்து போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொடுத்தேன், அவ்வளவுதான் வேலை. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. எங்கோ கும்மிப் பாட்டுக் கேட்பது போலவும் இருந்தது. கரடு அவ்வளவு கிட்டத்தில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படுகிற அளவுக்குச் சந்தோஷம்.

பொழுது சாயக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அக்கா. வெயிலில் முகம் கறுத்து, முடியில் ஆவாரம்பூ ஒட்டி, தொண்டை கட்டிப்போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். என் காலுக்கு அது தெரியாது. நைட்டி நனைவதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"நான் சொன்னத மனசுல வெச்சுக்காதக்கா."

"அதில்ல கண்ணு. பாட்டெடுக்க ஆரம்பிச்சவ நான் நிறுத்தவே இல்ல. திரும்பி வாரப்பத்தான் நெனப்பே வந்துச்சு. அதுவரைக்கும் உன்னய மறந்தே போயிட்டேன். இப்பிடி ஒரு தங்கச்சி இருக்கறதே மறந்துபோச்சு."

கொலைக்குற்றம் செய்தவள் மாதிரி சொன்னாள். எனக்கோ நெஞ்சு நிறைந்துபோயிற்று. விழுந்த நாளிலிருந்து என்னை யாரும் ஒரு பொழுதுகூட மறந்ததில்லை.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"வார வருசமும் மறந்துரு, அக்கா" என்றேன்.