அவள் போனை விட்டுப் போன நாள்

என் மகள் குளியலறைக்குக்கூடப் போனைக் கொண்டுபோகிறவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் வந்தபின் அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே அதற்குள்தான். தட்டில் சாதம் காய்ந்துகொண்டிருக்கும், கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிடுங்கி வைத்தால் அழுவாள். திருப்பிக் கொடுத்தால் அதைப் பார்த்தும் அழுவாள்.

"எல்லாரும் எங்கயோ போயிட்டாங்கம்மா, நான் மட்டும் நிக்கேன்" என்றாள் ஒருநாள்.

"அதப் பாக்காதட்டி, எல்லாம் சரியாப் போவும்" என்றேன். என் வைத்தியம் அவ்வளவுதான்.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிக் கொல்கத்தா வந்து, லேக் கார்டன்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும். அதில் மட்டும் அவள் தவறியதே இல்லை. "வந்துட்டேன்" என்று அவள் போட்டபிறகுதான் எனக்குக் காபி உள்ளே இறங்கும்.

அன்று காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், வழக்கமில்லாத வழக்கமாகப் பின்னால் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் போனபின் படுக்கையைத் தட்டப் போனேன். தலையணைமேல் போன். சார்ஜரில் செருகி, ஒழுங்காக வைத்திருந்தாள். மறதியில்லை, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டு வங்காளி பௌதியிடம், அதாவது அண்ணியிடம், பால்கனியிலிருந்தே கத்திச் சொன்னேன். இனிப்பு எங்கே என்று கேட்டுச் சிரித்தாள்.

அப்போது என் போன் சிணுங்கியது. "அம்மா, காலேஜ் வந்துட்டேன்." மகளிடமிருந்து.

அவள் போன் என் கண்ணெதிரே தலையணைமேல் கிடந்தது. யார் கையும் அதில் படவில்லை. முன்பே எழுதி நேரம் குறித்து வைத்தால் மெசேஜ் தானாகப் போகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். நான் தேடி வராமலிருக்க அவளே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கொஞ்ச நாளாகவே அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "அங்க சத்தமே இல்லம்மா" என்பாள். போட்டிருந்த நைட்டியோடு ஓடினேன். கணவரிடம் போனில் அழுதபடி, வெயில் ஏறும்வரை கரையெல்லாம் சுற்றினேன்.

தண்ணீருக்கு அருகே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தாள். பக்கத்தில் பை. உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லிட்டிருந்தது.

என் போன் மறுபடி சிணுங்கியது. "கேன்டீன்ல சாப்பிட்டேன்மா."

அவளும் அதைப் பார்த்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் வரும்மா" என்றாள். "அதுக்குப் பொறவு எழுதல."

இப்போது கரியாஹாட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் போகிறோம். மாத்திரை சாப்பிடுகிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். கல்லூரிக்குப் போகிறாள். போய்ச் சேர்ந்ததாக மெசேஜும் வருகிறது. நான் அதை நம்புவதில்லை, உடனே கூப்பிட்டுவிடுகிறேன். "ம்மா, கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது, வை" என்று எரிந்து விழுவாள். அந்த எரிச்சலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

சில நாள் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டாள். எடுக்கும்வரை நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.